பதினான்காம் பிரிவு

சில்வர் நாரோஸ்
மே 11, ஞாயிறு மதியம்

என் கண்ணு மரீட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே உலகத்தின் மறுகோடியில் நீயும் கிரெய்க்கும் குட்டி ஹில்யாவும் அதேபோல் இருக்கவேண்டும் என்றுதான் காலையில் கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன். ஏரியில் பனிக்கட்டி போன வாரம்தான் உடைந்தது, அப்பா படகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு என்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், முழங்கால் வலி என்று டாக்டரிடம் போகச் சொன்னால் படகு ஓடட்டும் அப்புறம் பார்க்கலாம் என்கிறார், உனக்குத்தான் தெரியுமே அவரை. நீ அனுப்பிய படங்களில் குழந்தை கொட்டாவி விடுகிற அந்தப் பதினொரு வினாடி வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பாய். அதில் கடைசியில் உன் கை மட்டும் வந்து போர்வையைச் சரி செய்கிறது. குழந்தைக்காகத்தான் பார்க்கிறேன் என்று அப்பா நினைக்கிறார், பாதி நேரம் நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று அன்னையர் தினத்துக்கு நீ காலையிலேயே கூப்பிட்டாய் இல்லையா, எல்லாம் பேசிவிட்டு வைக்கும்போது, அடுத்த தடவையாவது பனிப்புயல் குறுக்க வராம இருக்கட்டும்மா என்று சொன்னாய். குத்திக்காட்டுகிற மாதிரி அல்ல, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.  போனை வைத்ததும் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மரீட்டா, பனிப்புயல் எதுவும் வரவில்லை. பிப்ரவரி பதினைந்தாம் தேதி உன் பிரசவத்துக்கு நான் வரவேண்டிய விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிப் போயிற்று. நான்தான் ஏறவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன். போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது சொல்வாய், நான் அழுதுவிடுவேன், பாதியில் நின்றுபோகும், அதனால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஜோசியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், சக்கர நாற்காலியில் வருகிற பெண், ஆறு வருஷமாகப் பள்ளியில் நான்தான் அவள் கூடவே இருக்கிறேன், இப்போது பதினோரு வயது. பேச்சு கிடையாது. ஆமாம் என்றால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவாள், வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு வலிப்பு வருவதற்கு ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இடது கைக் கட்டைவிரல் உள்பக்கம் மடங்கும். இது எந்தத் தாளிலும் எழுதியில்லை, பார்த்துப் பார்த்து நான் கண்டுகொண்டது. விரல் மடங்கினால் சாப்பாட்டை நிறுத்தவேண்டும், ஒருக்களித்துப் படுக்கவைத்து மருந்தை எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். போன அக்டோபரில் ஒரு நாள் தலைமையாசிரியை ஓடிவந்து, இரண்டாம் வகுப்புல ஆளே இல்ல சிர்க்கா, அரை மணி நேரம் போயிட்டு வந்துரு, ஜோசிகிட்ட இந்தப் பொண்ணு இருக்கட்டும் என்று புதிதாக வந்த ஒரு தற்காலிகப் பெண்ணைக் காட்டினார். எங்கள் ஒப்பந்தத்தில் பதினான்காம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஜோசி மாதிரிக் குழந்தைக்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிட்டால் அந்த ஆளை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது. நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். பிரிவு இருந்தது, என் வாய்தான் திறக்கவில்லை. தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்தது, போனேன். அந்தப் பெண் ஜோசிக்கு ஆப்பிள் மசியலை ஊட்டிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து, மசியல் மூச்சுக்குழாயில் போய்விட்டது. நான் திரும்பி வந்தபோது நடைக்கூடத்தில் ஸ்ட்ரெச்சர். நான்கு நாள் தண்டர் பே ஆஸ்பத்திரியில் இருந்தாள், பிழைத்தாள். இதை அப்போது உன்னிடம் சொல்லவில்லை, நீ வாயும் வயிறுமாக இருந்தாய், இந்தக் கதை எதற்கு என்று மறைத்தேன். முதல் மறைப்பு அதுதான்.

பழைய ஒப்பந்தம் டிசம்பரோடு முடிந்தது. புது ஒப்பந்தம் பேசுகிற சங்கக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது நானே கையைத் தூக்கினேன், இருபத்திரண்டு வருஷத்தில் கூட்டத்துக்குப் போய் காபி குடித்துவிட்டு வந்ததைத் தவிர சங்கத்துக்கு நான் எதுவும் செய்ததில்லை. குழுவில் ஐந்து பேர், தலைமை ஈவெட், உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் இருப்பாளே, உன் தாமதச் சீட்டுகளில் எல்லாம் கையெழுத்துப் போட்டவள், அவளேதான். பள்ளி வாரியத்துக்காரர்கள் முதல் நாளே வைத்த கோரிக்கை என்ன தெரியுமா, பதினான்காம் பிரிவை எடுத்துவிடவேண்டும், அதற்குப் பதிலாகச் சம்பளத்தை நாங்கள் கேட்டதற்கு மேலேயே ஏற்றித் தருகிறோம் என்றார்கள். ஆட்களைத் தேவைக்குத் தக்கபடி நகர்த்துகிற வசதி வேண்டுமாம். ஜோசி விஷயத்தில் நாங்கள் புகார் போட்டிருந்தோம், இனிமேல் புகார் போட இடமே இல்லாமல் செய்வதற்குத்தான் அந்த வசதி. குழுவில் இரண்டு பேர் பணத்தை வாங்கிக்கொள்வோம் என்றார்கள், ஈவெட்டும் இன்னொருத்தியும் கூடாது என்றார்கள், ஐந்தாவது நான். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என் இடத்தில் உட்காரவேண்டிய மாற்று உறுப்பினர் வாரன், துப்புரவாளர்களுக்கெல்லாம் மூத்தவன். வாரன் கெட்டவன் இல்லை, அதை நீ மனதில் வைத்துக்கொள். என்னிடம் நேராகவே சொன்னான், சிர்க்கா, உன் பதினாலாம் பிரிவை வெச்சு என் ஆளுங்க வீட்டுல அடுப்பு எரியாது, அவனுங்க குடுக்கறேங்கறப்ப வாங்கிக்கணும், பாதிப் பேரு ராத்திரி இன்னொரு வேலைக்கும் போறானுங்க தெரியுமில்ல என்றான். தெரியும். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

பேச்சு முறிந்து ஜனவரி கடைசியில் வேலைநிறுத்தம் தொடங்கியது உனக்குத் தெரியும், படம்கூட அனுப்பினேன், கண்ணை மட்டும் விட்டு முகமெல்லாம் சுற்றிக்கொண்டு நின்றேனே. மைனஸ் முப்பது டிகிரி குளிர், தகரப் பீப்பாயில் கட்டையைப் போட்டு எரித்துக்கொண்டு பள்ளி வாசலில் சுற்றிச் சுற்றி நடந்தோம். ஒன்பதாவது நாள் ஜோசியின் அம்மா லொரேன் வேனை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னாலேயே நிறுத்தினாள்.  இறங்கி நேராக என்னிடம் வந்து, ஒம்பது நாளா அவளும் நானும் நாலு சுவத்துக்குள்ள கெடக்கறோம், நான் வேலைக்குப் போகல, கடைக்குப் போகல, குளிச்சு மூணு நாளாச்சு, அவ வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கா, யாரைன்னு நினைக்கறே, உன்னைத்தான் என்று கத்தினாள். நான் என்ன சொல்வேன். பிரிவைப் பற்றியா சொல்வேன்.  அவள் திரும்பிப் போய் வேனின் பின்கதவைத் திறந்து ஜோசியை நாற்காலியோடு இறக்கி என் முன்னால் கொண்டுவந்து விட்டு, ஒரு மணி நேரம் பாத்துக்க, நான் பால் வாங்கணும் என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். வாசலில் நாங்கள் நிறுத்தியிருந்த சங்கத்து டிரெய்லருக்குள் ஹீட்டர் பக்கத்தில் ஜோசியை வைத்துக்கொண்டு, அவள் கையைத் தேய்த்து, கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாரன் எட்டிப்பார்த்து, அடிப்பாவி, ஸ்டிரைக்ல வேலை செய்யற ஒரே ஆளு நீதான், உன்மேலதான் முதல்ல மறியல் பண்ணணும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஜோசி மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தீர்மானமாகிவிட்டது, அந்தப் பிரிவை யாரும் எடுக்க விடமாட்டேன் என்று. உன்னிடம் வருவதற்கான டிக்கெட் அப்போது என் கைப்பையிலேயே இருந்தது. இரண்டும் மோதும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

பதின்மூன்றாம் தேதி மத்தியஸ்தர் அம்மாள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார், பதினைந்திலிருந்து தண்டர் பேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று. என் விமானமும் பதினைந்துதான். ஈவெட் என்னிடம் சொன்னாள், நீ கெளம்பு சிர்க்கா, முதல் பேறு, நீ பக்கத்துல இல்லைன்னா அந்தப் பொண்ணு வாழ்நாளுக்கும் மறக்கமாட்டா, வாரனை நான் பாத்துக்கறேன். உன்னால அவன் ஓட்டை மாத்த முடியுமா என்று கேட்டேன். அவள் காபிக் கோப்பையைப் பார்த்தாள். மறுநாள் மதியம் பெட்டியெல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று, குழந்தைக்குப் பின்னிய கம்பளிக் காலுறைகள் மேலே இருந்தன, அந்த வெயில் ஊருக்குக் கம்பளி எதற்கு என்று நீ சிரிப்பாய் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போகலை வெய்க்கோ என்றேன். என்னையே பார்த்தார். மரீட்டாகிட்ட என்ன சொல்லப் போறே என்றார். தெரியல என்றேன். அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுபோய் நடையில் வைத்தார். நீ இரண்டு வாரம் முன்கூட்டியே பெறுவாய் என்று யாருக்குத் தெரியும், இதை முடித்துவிட்டு இருபதாம் தேதி ஏறினாலும் பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இது சாக்கு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்தாம் தேதி காலை உன்னைக் கூப்பிட்டபோது உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன், நீ போனை எடுத்ததும் கெளம்பிட்டியாம்மா என்று கேட்டாய், அந்தக் குரலைக் கேட்டதும் வாயில் பனிப்புயல்தான் வந்தது. அதுக்கு நீ என்ன பண்ணுவேம்மா என்றாய். ஹோட்டலில் எங்களுக்குக் கொடுத்த அறையின் ஜன்னலிலிருந்து ஓடுபாதை தெரியும். பதினொன்றேகாலுக்கு என் விமானம் ஏறிப் போவதைப் பார்த்தேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது.

அங்கே மூன்று நாளும் நாங்கள் ஓர் அறை, அவர்கள் ஓர் அறை, நடுவில் மத்தியஸ்தர் தாளைத் தூக்கிக்கொண்டு அலைவார். நான்காம் நாள், பதினெட்டாம் தேதி மதியம், எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார். வாரியத்து வக்கீல் டொராண்டோவிலிருந்து வந்த இளைஞர், மரியாதையான பிள்ளை, தினமும் என்னிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்பார், கேட்டுவிட்டுப் பதினான்காம் பிரிவில் கோடு போடுவார். அப்போதுதான் கிரெய்க்கின் போன் வந்தது. நடைக்கூடத்துக்கு ஓடினேன். வேலை பார்க்கிற சுரங்கத்திலிருந்து பேசினான், அங்கே அப்போது விடியவில்லை. அத்தை, திடீர்னு வலி வந்து ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க, பொண்ணு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, எனக்கு விமானம் காலையிலதான், அவ தனியா இருக்கா அத்தை என்று சொல்லும்போது அவன் அழுதான். அவ தனியா இருக்கா. மரீட்டா, அந்த மூன்று வார்த்தையை நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன், நீ ஆறு வயதில் டான்சில் ஆபரேஷனுக்குப் போனபோது கதவு மூடுகிறவரை என் சுண்டுவிரலை விடாமல் பிடித்திருந்தாய், அது ஞாபகம் வந்தது.

பிறகு நான் செய்ததைத்தான் உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வக்கீல், ஏதும் பிரச்சினையா மேடம் என்றார். என் பொண்ணுக்குக் கொழந்தை பொறந்திருக்கு என்றேன். எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. அவ வயித்தைக் கிழிச்சுக் கொழந்தையை எடுத்திருக்காங்க, பக்கத்துல தெரிஞ்ச கை ஒண்ணு இல்ல, எல்லாம் முன்பின் பாக்காத கை, நான் அங்க இருந்திருக்கணும், இங்க உக்காந்திருக்கேன், எதுக்குன்னு உங்களுக்கே தெரியும், அந்தக் கொழந்தை ஜோசிக்கும் முன்பின் பாக்காத கைங்கதான் அன்னிக்கு ஊட்டிவிட்டுச்சு, பதினாலைத் தொடாதீங்க என்றேன்.  வக்கீல் பேனாவை மூடினார், கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று அவர்கள் எழுந்து போனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து மத்தியஸ்தர் வந்து, பிரிவு இருக்கட்டுமாம், ஆனால் சம்பள உயர்வு குறையும் என்றார். ஈவெட் என்னைக் கட்டிக்கொண்டு, சரியான நேரத்துல வந்துச்சுடி அந்த போன் என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள்.  நீ வலியில் கிடந்த நேரத்தை நான் மேஜையில் வைத்துப் பேரம் பேசினேன். என் பேச்சுக்காக இறங்கி வந்தார்களா, இல்லை ஏற்கெனவே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை நான் உன்னிடம் வந்திருந்தாலும் பிரிவு பிழைத்திருக்கும். அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் பின்லாந்துக்காரர் மண்டபத்தில் உறுப்பினர் கூட்டம், ஈவெட் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள், படித்துக் காட்டாமல் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது எங்கள் சங்க விதி. வாரன் எழுந்து நின்று, இதுல என் ஆளுங்களுக்கு ஒண்ணுமில்ல, நான் வேண்டாம்னுதான் போடப்போறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பேர் சரி என்றார்கள். வாரன் இப்போது என்னிடம் காலை வணக்கத்தைத் தவிர எதுவும் பேசுவதில்லை, ஆனால் பனி விழுந்த நாளில் எல்லாம் ஜோசியின் வேன் வருவதற்கு முன்னால் வாசலில் நாற்காலி ஏறுகிற சாய்பாதையில் வழுக்காமல் இருக்க உப்புப் போட்டு வைத்திருந்தான். ஜோசியும் நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் முழுக்க என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் சுவரைப் பார்த்தாள். அவள் கோபம் நியாயம் என்று நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் மேஜையைத் தட்டினாள்.

வேலைநிறுத்தத்துக்குப் பிறகு யாருக்கும் விடுப்பு இல்லை என்று வாரியம் சொன்னது நிஜம், அது பொய்யில்லை. ஆனால் மார்ச் மாதம் ஒரு வார விடுமுறை இருந்தது. போக வர நாலு நாள் போனாலும் உன்னோடு இரண்டு மூன்று நாள் இருந்திருக்கலாம். அப்பா கேட்டார், போகலையா என்று. ஆயிரம் காரணம் சொன்னேன். நிஜமான காரணம் பயம், உன் முகத்தைப் பார்த்தால் பொய் வெளியே வந்துவிடும் என்ற பயம். அதனால் ஹில்யாவுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது, அவள் தலையை நான் இன்னும் முகர்ந்து பார்க்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெயரையே வைத்தாயே, அவளுக்கு ஹில்யா என்று நீ சொன்ன அன்று அப்பா தச்சுக்கூடத்துக்குப் போகிறேன் என்று போய் அரை மணி நேரம் வரவில்லை, வந்தபோது கண் சிவந்திருந்தது, மரத்தூள் என்றார். கடையில் யாராவது கைக்குழந்தையோடு வரிசையில் நின்றால் நான் பின்னாலேயே போய் நிற்கிறேன், எனக்கு வாங்க ஒன்றுமே இல்லாவிட்டாலும். ஏலக்காய் ரொட்டி சுடும்போது வாசனைக்கு நீ மாடியிலிருந்து இறங்கி வருவாய் என்று ஒரு நொடி காது அதுவாகவே படிக்கட்டுப் பக்கம் போகிறது. நீ போய் ஏழு வருஷம் ஆயிற்று, காதுக்கு இன்னும் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுபடி அதே பதினைந்தாம் தேதி வந்தால் என்ன செய்வாய் என்று நீ கேட்டால், அந்த மேஜையில்தான் உட்கார்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் உன்னைக் கூப்பிட்டு, வரமாட்டேன், இதனால்தான் என்று சொல்லியிருப்பேன், நீ திட்டியிருப்பாய், நானும் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் வானத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கவேண்டாம்.

ஜூன் கடைசியில் பள்ளி மூடுகிறது, ஜூலையில் வருகிறேன் என்றதற்கு நீ வாம்மா, எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு என்றாய். நான் டிக்கெட் எடுக்கவில்லை. பாதிக் கதையைக் கேட்டுவிட்டு நீ கொடுத்த சம்மதம் அது, அதை வைத்துக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. முழுக்கப் படித்துவிட்டுச் சொல்.

தையல் போட்ட இடத்தை மறுபடி ஒரு தடவை டாக்டரிடம் காட்டு, ஈரத்துணிக் கூடையை நீ தூக்காதே, கிரெய்க் ஊரில் இருக்கிற வாரம் அவனைத் தூக்கச் சொல். பால் கொடுக்கிற நேரத்தில் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள். குழந்தையின் கழுத்து மடிப்பில் வேர்வை தங்கும், துடைத்துவிடு. நீயும் உன் குழந்தையும் நூறு வருஷம் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி வாழுங்கள், உன் கை எட்டுகிற தூரத்தில் எப்போதும் உனக்குத் தெரிந்த கை ஒன்று இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. இதைப் படித்த கையோடு கூப்பிட்டு, பரவாயில்லம்மா என்று சொல்லிவிடாதே. கோபம் வந்தால் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபமாக இருந்துவிட்டு, அப்புறம் கூப்பிடு. நான் போன் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா
சிர்க்கா